பழைய வாட்ச் வாங்கும்முன்: அசல் எது, ஒட்டு எது என்று பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

பழைய வாட்ச் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த குரு ஒரு சிவப்பு டயல் பைலட். 'எச்எம்டி பைலட்' என்று டயலில் எழுதியிருந்தது. கண்ணாடியும் கேஸும் பளபளவென்று இருந்தன. "பழைய ஸ்டாக் சார், பெட்டியிலேயே கெடந்தது, யாரும் கையில கட்டவே இல்ல" என்றார் விற்றவர். நம்பிப் பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் எச்எம்டி ஜனதாவைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் கதை வெளியே வந்துவிட்டது. டயலில் இருந்த எழுத்துகளின் ஓரம், ஈரத்தாளில் பேனா மை பட்டதுபோல் கசிந்திருந்தது. 4-க்கும் 5-க்கும் நடுவே நிமிடக் கோடு நாலுதான் இருக்க வேண்டும். அதில் ஐந்து இருந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஸ்குரூ தலையெல்லாம் கீறல். யாரும் கட்டாத வாட்சுக்குள் இத்தனை முறை ஸ்குரூடிரைவர் எதற்குப் போனது?

அந்த வாட்ச் இன்றைக்கும் சரியாக நேரம் காட்டுகிறது. முழுப் போலி என்றும் அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் மெஷின் அசல் எச்எம்டிதான். டயல் எங்கோ வண்ணம் பூசியது, கேஸ் வேறொரு மாடலுடையது, குமிழ் (பக்கவாட்டில் சாவி கொடுக்கத் திருகுவது) யாருடையதோ. இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் கற்க வேண்டிய வித்தை. நம் ஊரில் கிடைக்கும் எச்எம்டி, சீக்கோ 5 இரண்டையும் முக்கிய உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை இவைதான், தப்பு செய்து பழகவும் இவைதான் தோது.

படி 1: 'ஒரிஜினலா?' என்று கேட்பதை நிறுத்துங்கள்

பழைய வாட்சில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டு கட்சி மட்டும் கிடையாது. குறைந்தது நாலு வகை உண்டு.

ஆலையிலிருந்து வந்த பாகங்கள் அப்படியே இருப்பது முதல் வகை. தேய்ந்துபோன கண்ணாடி, குமிழ், மெயின் ஸ்பிரிங் போன்றவற்றுக்குப் பதில் அதே கம்பெனியின் அதே மாடல் பாகத்தைப் போட்டது இரண்டாவது வகை. தினமும் கட்டிய வாட்ச் இப்படித்தான் இருக்கும், இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, நான் வாங்கியது மாதிரி, நாலு வாட்சின் உறுப்புகளைச் சேர்த்து டயலுக்குப் புது வண்ணம் அடித்த ஒட்டு வாட்ச். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கடைசி வகை, மெஷினிலிருந்து எல்லாமே பொய்யான முழுப் போலி.

எச்எம்டி, சீக்கோ 5 போன்றவற்றில் முழுப் போலியைவிட ஒட்டு வாட்ச்தான் அதிகம் மாட்டும். ஆகவே 'இது ஒரிஜினலா?' என்ற கேள்வியால் பயனில்லை. ஒவ்வொரு உறுப்பையும் தனியாக எடுத்து, 'நீ இந்த வாட்சோடு பிறந்தவனா?' என்று கேட்க வேண்டும். டயல், முள், கேஸ், பின்மூடி, மெஷின் எல்லாம் ஒன்றாக மூத்திருக்க வேண்டும். அறுபது வயதுக் கையில் இருபது வயது முகம் இருந்தால் அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

படி 2: இந்த ஒட்டு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது வரலாற்றுப் பாடம்தான், ஆனாலும் கண்ணுக்கு உதவும்.

எச்எம்டி, அதாவது இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் ஆலை போட்டது. முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. வெளிநாட்டு வாட்ச் அப்போது சுலபத்தில் கைக்கு வராது. 1962 சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, தங்கம் வைரத்தோடு கைக்கடிகாரத்தையும் சேர்த்தே பட்டியல் போட்டது: கடத்தல் சரக்கு என்று அதிகாரிகள் பிடித்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. வாட்சே இப்படி என்றால் அதன் உதிரி பாகம் எப்படிக் கிடைக்கும்? ரிப்பேர்க்காரர் ஒரு செத்த வாட்சைப் பிரித்து இன்னொன்றைப் பிழைக்க வைத்தார். வியர்வையும் ஈரமும் டயலைக் கெடுத்தால் புதுப்பூச்சுக்கு அனுப்பினார். அன்றைக்கு அது மோசடி இல்லை, வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய சேவை. உங்கள் தாத்தாவின் வாட்சிலேயே ரீடயல் (மறுபடி பூசிய டயல்) இருந்தால் யார்மீதும் கோபப்படாதீர்கள்.

மோசடி பின்னால் வந்தது. டைட்டன் 1980-களில் ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகளோடு கிளம்பியது. சாவி கொடுக்கும் வாட்ச் மேஜை டிராயருக்குள் போனது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடுகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் பழைய பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஜனதா வேண்டும், பைலட் வேண்டும் என்று தேடினார்கள். தேடிய அளவுக்குச் சரக்கு இல்லை, அதனால் சரக்கு 'பிறக்க' ஆரம்பித்தது.

படி 3: சந்தேகமே இல்லாத ஒரு வாட்சை மனப்பாடம் செய்யுங்கள்

போலியைப் படித்து அசலைக் கற்க முடியாது. வங்கியில் காசாளர் கள்ளநோட்டைக் கையாலேயே கண்டுபிடிப்பது, நல்ல நோட்டை ஆயிரக்கணக்கில் எண்ணிய பழக்கத்தால்.

வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒரே ஆள் வாங்கி, கட்டி, பீரோவில் வைத்த வாட்ச் ஒன்று இருக்கும். பெரியப்பாவுக்குக் கல்யாணத்தில் போட்ட எச்எம்டி காஞ்சன், ரிட்டயர்மென்டில் கொடுத்தது, துபாய் போன மாமா கொண்டுவந்த சீக்கோ, ஏதோ ஒன்று. அதை ஒரு வாரம் கடன் வாங்குங்கள். லென்ஸ் வைத்து டயலைப் பாருங்கள், எழுத்துகளின் வடிவத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். மணி முள் எங்கே முடிகிறது, நிமிட முள் எங்கே முடிகிறது, குமிழைச் சுற்றும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கடையில் தப்பான முள்ளைப் பார்த்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எங்கேயோ உறுத்தும். அந்த உறுத்தலுக்காகத்தான் இத்தனையும்.

வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள் பெங்களூர் போகும்போது ஜாலஹள்ளியில் எச்எம்டி பாரம்பரிய அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வரலாம். ஆலை செய்த மாடல்களை ஒரே இடத்தில் வரிசையாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

படி 4: பையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுவது போதும். சின்ன டார்ச். நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கு. வாட்சின் டிக்-டிக்கைக் கேட்டு அளக்கும் செயலி ஒன்று போனில். அவ்வளவுதான். பின்மூடி திறக்கும் கருவியை முதல் வருஷம் வாங்கவே வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஒரு நல்ல பின்மூடியில் அரைவட்டமாக ஒரு கீறல் இன்றைக்கும் எனக்குச் சாட்சியாக இருக்கிறது.

படி 5: டயல் — பாதி விடை இங்கேதான்

நான் ஒரு வாட்சுக்குப் பத்து நிமிஷம் செலவழித்தால் அதில் ஆறு நிமிஷம் டயலுக்குப் போகும். ஒட்டு வேலையின் முதல் இலக்கும் டயல், அது முதலில் மாட்டிக்கொள்வதும் டயலில்.

எழுத்தின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஆலையில் எழுத்தை மெத்தென்ற பட்டையால் ஒற்றி அச்சிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் மை லேசாக மேடாக நிற்கும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், ஒரே சொல்லில் எல்லா எழுத்தும் ஒரே தடிமன். மறுபூச்சு டயலில் ஓரம் கசிந்திருக்கும். ஒரு எழுத்து தடித்து, பக்கத்து எழுத்து மெலிந்து, வரியே லேசாகச் சாய்ந்திருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். லென்ஸ் இல்லாமல் டயலைப் பற்றி யார் தீர்ப்புச் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

அடுத்து நிமிடக் கோடுகள். பொறுமையாக எண்ணுங்கள். ஒவ்வொரு மணிக்குறிக்கும் நேராக ஒரு கோடு வந்து முட்ட வேண்டும். உலோகத்தில் பதித்த மணிக்குறிகள் பழைய இடத்திலேயே இருக்க, மேலே அச்சிட்ட கோடுகள் அரை மில்லிமீட்டர் திரும்பியிருந்தால், பூச்சு பிறகு வந்தது என்று அர்த்தம். தேதிச் சன்னல் இருந்தால் அதன் உள்விளிம்பைப் பாருங்கள். பூச்சு வழிந்து திரண்டு நிற்கிறதா? ஆலை டயலில் அந்த விளிம்பு சுத்தமாக இருக்கும்.

6-க்குக் கீழே, டயலின் கடைசி ஓரத்தில், நாட்டின் பெயரோ பொடி எழுத்தில் ஒரு எண்ணோ இருக்கும் மாடல்கள் பல. மறுபூச்சுக்காரர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அல்லது படிக்க முடியாத கிறுக்கலாக்குவார்கள். சீக்கோவில் அந்த எண்ணின் அருமை கீழே வருகிறது.

அடுத்து டயல் சொல்வதும் மெஷின் செய்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டயலில் 21 ஜூவல்ஸ் (மெஷினின் அச்சுகள் தேயாமலிருக்கப் பதிக்கும் கற்கள்), உள்ளே 17 கல் மெஷின். டயலில் ஆட்டோமேட்டிக், உள்ளே சாவி கொடுக்கும் மெஷின். இப்படி அப்பட்டமான பொய்யே நிறைய ஓடுகிறது, ஏனென்றால் வாங்குகிறவர்கள் பின்மூடியைத் திறக்கச் சொல்வதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எச்எம்டி பைலட் என்றால் நமக்கு மனதில் வருவது கறுப்பு டயலும் பெரிய எண்களும்தான். சந்தையிலோ சிவப்பு, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று வானவில்லே கிடைக்கிறது. அதற்காக நிறம் வேறு என்றாலே பொய் என்று சொல்லவும் முடியாது. எச்எம்டி பல வருஷங்களில் எத்தனையோ டயல் விட்டிருக்கிறது. ஜனதாவிலேயே பெயர் ஆங்கிலத்திலும் உண்டு, தேவநாகரியிலும் உண்டு. ஆகவே நிறத்தைக் குற்றப்பத்திரிகையாக எடுக்காதீர்கள், சம்மனாக எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை எழுத்து ஓரத்தில் நடக்கட்டும்.

கடைசியாக வயது. வெள்ளி டயல் லேசாக மஞ்சளிக்கும், ஓரத்தில் ஈரம் புகுந்த புள்ளி விழும். கேஸ் தேய்ந்து, பின்மூடி அரித்து, டயல் மட்டும் நேற்று அச்சடித்த காலண்டர் மாதிரி இருந்தால் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

படி 6: முள்ளும் 'ரேடியமும்'

நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், மணி முள் மணிக்குறியின் உள்முனைவரை போக வேண்டும். முள் குட்டையாக நின்றால் அது வேறு வாட்சின் முள்.

இருட்டில் ஒளிரும் எல்லாவற்றுக்கும் நாம் வைத்த பெயர் ரேடியம். உண்மையான ரேடியப் பூச்சு 1960-களின் தொடக்கத்தோடு வழக்கொழிந்தது. அதற்குப்பின் டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்தது; சுவிஸ் டயல்களின் அடியில் 'சுவிஸ் மேட்' இரு பக்கமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருப்பது அதைத்தான் சொல்கிறது. 1990-களில் கதிரியக்கம் இல்லாத பூச்சு வந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் பன்னிரண்டு வருஷம் சொச்சம். அதாவது 1965 டயல் இன்றைக்குத் தானாக ஒளிரவே ஒளிராது. டார்ச் அடித்து அணைத்தபின் அது பச்சையாகப் பத்து நிமிஷம் ஜொலித்தால் பூச்சு புதுசு. ரேடியம் வேறு மாதிரி: அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். ஒளிரும் பொடி தீய்ந்துபோய் இருட்டாகக் கிடந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். 1950-களின் சுவிஸ் வாட்சைத் திறந்து பழுப்பு நிறப் பூச்சைச் சுரண்டுவதோ, ஊதுவதோ கூடவே கூடாது.

முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே நிறத்தில் பழுத்திருக்கின்றனவா என்று ஊதா விளக்கில் பாருங்கள். டயல் பழுப்பு, முள் வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று பிறகு வந்தது.

படி 7: கேஸ், பின்மூடி, குமிழ்

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய கேஸில் நல்ல சேதி கூர்மைதான். ஸ்டிராப் மாட்டும் நாலு கொம்புகளின் விளிம்பையும் விரல் நுனியால் தடவுங்கள். ஆலையில் வெட்டிய விளிம்பு இருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்த்த கேஸ் சோப்புக்கட்டிபோல் உருண்டிருக்கும், கொம்புகள் ஒன்றுக்கொன்று தடிமனில் மாறும்.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பின்மூடியில் எழுதியிருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். கேஸ் பித்தளைமேல் குரோமியம் பூசியதாக இருக்கும். வருஷக்கணக்கில் கட்டியது என்றால் கொம்பின் மூலையிலும், குமிழுக்குப் பக்கத்திலும், மணிக்கட்டின் வியர்வை படும் அடிப்பக்கத்திலும் மஞ்சள் எட்டிப்பார்க்கும். அது வாட்ச் உழைத்ததன் அடையாளம், பொய்யில்லை. அந்த மஞ்சளை மறைத்து மேலே தடிப்பாகப் புதுப்பூச்சு போட்டிருந்தால் பின்மூடி எழுத்துகளின் பள்ளம் தூர்ந்துபோயிருக்கும்.

குமிழ் பெரும்பாலும் மாற்றியதாகத்தான் இருக்கும். அதற்காகப் பேரம் பேசலாம். அதற்காகவே வாட்சை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

படி 8: "பின்மூடியைத் திறந்து காட்டுங்க"

இந்த ஒரு வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுங்கள். திறக்க மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை. ஆன்லைனில் மெஷின் படம் இல்லாத விளம்பரத்தைப் பார்ப்பதே இல்லை.

திறந்ததும் முதலில் பின்மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிப்பேர்க்காரர்கள் சர்வீஸ் செய்த தேதியையோ தங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறியையோ அங்கே ஊசியால் கீறிவைப்பது வழக்கம். 'ஓவராயிலிங்' என்று நம் ஊரில் சொல்வார்களே (அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை, நாம்தான் எண்ணெய் ஊற்றிவிட்டோம்), அதன் வருகைப் பதிவேடு அது. நாலைந்து கீறல் இருந்தால் சந்தோஷம், கவனித்து வைத்திருக்கிறார்கள். 'கட்டாத புது வாட்ச்' என்று விற்கிறதில் நாலைந்து கீறல் இருந்தால் என் சிவப்பு பைலட்டின் தம்பி.

பிறகு மெஷின். ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் எச்எம்டிகளில் அதிகம் பார்ப்பது 0231 என்ற மெஷின்: சிட்டிசன் வம்சம், 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது நொடிக்கு ஐந்து. போன் செயலியில் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள். நொடி முள் நொடிக்கு ஒரு தாவல் தாவினால் உள்ளே இருப்பது பேட்டரி போடும் குவார்ட்ஸ். கையில் கொடுத்தவர் என்ன சொன்னாலும் சரி. சிட்டிசன் வம்சம் என்பதால் இன்னொரு தந்திரமும் நடக்கும்: சிட்டிசன் டயலுக்கு அடியில் எச்எம்டி மெஷின். மெஷினின்மேல் பொறித்த பெயரைப் படிக்காமல் மூடவிடாதீர்கள்.

ஸ்குரூ தலைகளில் கீறல் எவ்வளவு? துரு இருக்கிறதா? மெஷினுக்கும் கேஸுக்கும் நடுவே உலோக வளையம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறதா, அல்லது காகிதத்தையோ பிளாஸ்டிக்கையோ மடித்து அண்டக் கொடுத்திருக்கிறார்களா? அண்டக் கொடுத்திருந்தால் மெஷினும் கேஸும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். நான் ஒரு முறை சிகரெட் அட்டைத் துண்டையே பார்த்திருக்கிறேன். அதிலும் பிராண்ட் பெயர் அசல்தான்!

படி 9: சீக்கோ 5 — எண்ணே ஜாதகம்

வளைகுடாவிலிருந்து வந்த மாமாக்களாலும் பர்மா பஜாராலும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்த வாட்ச் இது. கிழமைச் சன்னலில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் வந்தால் பயப்படாதீர்கள். வளைகுடாச் சந்தைக்கு அப்படித்தான் வந்தது. மாமா துபாயில் வாங்கியது உண்மை என்பதற்கு அது ஆதரவு.

சீக்கோவை எனக்குப் பிடிக்கக் காரணம், அது தன் ஜாதகத்தை முதுகிலேயே எழுதிவைத்திருக்கும். பின்மூடியில் இரண்டு எண் இருக்கும். ஒன்று நடுவில் கோடு போட்டது: முதல் நாலு இடம் மெஷின், பின் நாலு இடம் கேஸ். 7009 என்று தொடங்கினால் உள்ளே 7009 மெஷின்தான் இருக்க வேண்டும். டயலின் அடி ஓரத்தில் உள்ள பொடி எழுத்தும் அதே 7009-ல் தொடங்க வேண்டும். பின் நாலு இடம் டயலில் வேறாக இருக்கும். அது டயலின் சொந்த எண், அதைப் பார்த்துப் பதறி நல்ல வாட்சை விட்டவர்கள் உண்டு.

இன்னொரு எண் ஆறு இலக்கம். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை செப்டம்பர்வரை. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்து ஓ, என், டி. 83 என்று தொடங்கினால் ஏதோ ஒரு 8-ல் முடியும் ஆண்டின் மார்ச். எந்தப் பத்தாண்டு? அதை மெஷின் சொல்லும். 7009 என்றால் 1978 அல்லது 1988. மெஷின் 7எஸ்26 என்றால் அது 1996-ல்தான் வந்தது. '1970-களின் அபூர்வ சீக்கோ' என்று யாராவது அதைக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கலாம்.

திறக்காமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: 7009, 6309, 7எஸ்26 மூன்றிலும் குமிழைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. கையை ஆட்டினால்தான் உயிர் வரும். பின்மூடியில் 7009 என்று போட்ட வாட்சின் குமிழை அப்படியே சுற்றும்போது 'கிர்... கிர்...' என்று சாவி ஏறும் சத்தம் வந்தால் உள்ளே யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள்.

படி 10: விலை கூடிய சுவிஸ் பெயர்கள்

ஒமேகா, ராடோ, ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட். முதல் வருஷம் இவற்றில் பணம் போடாதீர்கள். பார்க்கப் பழகுங்கள், போதும்.

பழைய ஒமேகாவின் பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில், உள்பக்கம், மிகப் பொடியாக ஒமேகா சின்னம் பொறித்திருப்பார்கள். லென்ஸை நேராக வைத்தால் தெரியாது, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணாடி மாறியிருந்தால் அது இருக்காது. அது ஒன்றை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். வரிசை எண் மெஷினில் இருக்கும், கேஸ் எண் பின்மூடியின் உள்ளே இருக்கும், இரண்டும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ராடோவின் ஆட்டோமேட்டிக் மாடல்களில் 12-க்குக் கீழே சின்ன நங்கூரம் இருக்கும். வாட்சைத் திருப்பினால் அது தானாக ஆடும். மலிவுப் போலிகளில் ஒட்டிவைத்ததுபோல் அசையாமல் நிற்கும். ஃபேவர்-லூபா 1865-லேயே இந்தியாவுக்கு வந்த கம்பெனி, அந்தக் காலத்து மாப்பிள்ளைகளின் கனவு. வெஸ்ட் எண்டின் 'சோவார்' பெயரே இந்தியக் குதிரைப்படை வீரனைக் குறிப்பது. இரண்டுக்கும் இங்கே வயது அதிகம், பெயர் பெரிது. அதனாலேயே மறுபூச்சு டயலும் அதிகம். டயல் அசலாக இருக்கும் ஒன்றைப் பார்க்க நான் பல மாதம் காத்திருந்திருக்கிறேன்.

படி 11: விற்பவரிடம் பேசும் முறை

'ஒரிஜினலா அண்ணே?' என்று கேட்டால் 'நூறு பர்சென்ட் தம்பி' என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னச் சின்னதாக உடையுங்கள். டயல் பூசியதா? முள் மாற்றினதா? கடைசியாக எப்போது ஆயில் போட்டது? நேர்மையான வியாபாரி 'டயல் பூசினதுதான், ஆனா மெஷின் சுத்தம்' என்று தானே சொல்வார். அப்படிச் சொல்கிறவரிடம் டயல் பூசிய வாட்சையே வாங்குங்கள், அதற்குரிய விலையில். அவர் கடைக்கு மறுபடி போக வேண்டிவரும்.

ஆன்லைன் என்றால் ஐந்து படம் கேளுங்கள்: டயல் நேராக, டயல் சாய்வாக, பின்மூடி வெளிப்பக்கம், உள்பக்கம், மெஷின். ஒரே விற்பனையாளரிடம் ஒரே 'அபூர்வ' மாடல் ஏழு நிறத்தில் இருந்தால் படம் கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம்.

பெட்டியும் ரசீதும் இருந்தால் நல்லது. ஆனால் பெட்டி தனியாகவும் விற்கிறது.

வாங்கிய பிறகு

ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, விலை, எண்கள், எது அசல் என்று நினைத்தீர்கள், எதில் சந்தேகம். ஆறு மாதம் கழித்து அதே வாட்சை மறுபடி பார்த்து எழுதுங்கள். என் முதல் நோட்டில் 'டயல் சூப்பர் கண்டிஷன்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன், சிவப்பு பைலட்டைப் பற்றி.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வாயைத் திறந்து மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். பாலிஷ் வேண்டாம். டயலைத் தொட வேண்டாம். மாற்றும் பாகத்தைப் பழையதோடு சேர்த்துப் பொட்டலமாகத் திருப்பித் தர வேண்டும். சொல்லாவிட்டால் நல்லெண்ணத்திலேயே எல்லாவற்றையும் புதுசாக்கிவிடுவார்கள். அப்பாவின் ஜனதாவில் 7-க்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் புகுந்த ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. போன மாதம் கொண்டுபோனபோது ரிப்பேர்க்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "டயல் அனுப்பிப் பூசிடலாமே சார், ரெண்டு நாள்ல வந்துடும்."

"வேண்டாண்ணே. ஆயில் மட்டும் போடுங்க."